காதுகுத்து டிஸ்க்கு

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காதுங்க. அது எங்கூட்டுக்காரருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு அவரு, "போதும் அம்மிணி, இனி நான் வரல"ன்னு சொல்லிப்போட்டுச் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்தப்ப எனக்கு வாயே எந்திரிக்கலீங்க.

டயாலிசிஸ்ஸுக்குத்தான் வரலைன்னாரு. எங்க தோட்டம் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். செவ்வாய், வியாழன், சனின்னு வாரத்துல மூணு நாள் வெடியால பஸ்ஸப் புடிச்சு நாமக்கல் போவோணும். அங்க ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம் கட்டில்ல படுத்து, இடது கையில ரெண்டு ஊசிய வாங்கிக்கிட்டு, ரத்தம் மிஷினுக்குள்ள போயி வர்ற வரைக்கும் அசையாம கெடக்கோணும். இருபத்தெட்டு வருசம் நேசனல் பர்மிட் லாரி ஓட்டின மனுசனுங்க. "இந்த நாலு மணி நேரத்துல நான் கிருஷ்ணகிரியத் தாண்டியிருப்பேன்"னு மேல சுத்தற ஃபேனப் பாத்துச் சொல்லுவாரு. சர்க்கரை வந்து கிட்னியக் கெடுத்து, ரெண்டு வருசத்துக்கு முன்னால லாரிய வித்தோம். மிஷினுக்குப் போக ஆரம்பிச்சு அப்ப எட்டு மாசம்.

அதுக்கு முந்தின மாசம் இப்பிடித்தான் ஒரு சனிக்கெழமை போகாம உட்டாரு. ஞாயித்துக்கெழமை சாயங்காலத்துக்குள்ள காலு ரெண்டும் வீங்கி, படுத்தா மூச்சு வரல. ராத்திரியோட ராத்திரியா காரு புடிச்சுக் கொண்டு போனோம். இனியொருக்கா இப்பிடி வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னு டாக்டர் எங்கிட்டத் தனியாச் சொல்லிப்போட்டாரு. அந்தப் பேச்ச நான் மனசுலயே வெச்சிருந்தனுங்க.

கோயமுத்தூர்ல வேலைக்குப் போற எம்மவ மோனிஷாவுக்குப் போனப் போட்டு அழுதேன். அவ, "அம்மா, அப்பாவுக்குப் பொழுது போகலீங்கறதுதானே. நம்ம பீரோவுல இருக்கற டிவிடி எல்லாத்தையும் என்னோட பழைய டேப்பு, பெரிய போனாட்டம் ஒண்ணு அங்க கெடக்குதே, அதுல ஏத்திக் குடு. படுத்துட்டே பாக்கட்டும்"னா.

அந்த டிவிடிங்க கதையச் சொல்லோணும். எங்கூட்டு விசேசம் ஒண்ணே ஒண்ணத் தவுத்து வேற எதுலயும் எங்கூட்டுக்காரரு இருந்ததில்லீங்க. புண்ணியார்ச்சனை பண்ணி ஊடு குடி போனப்ப அஸ்ஸாம்ல லோடு எறக்கிட்டு இருந்தாரு. மோனிஷா பெரிய மனுசி ஆயிச் சீர் பண்ணினப்ப ஒடிசா. எந்தம்பி மதியழகன் கல்யாணத்துக்குக் குஜராத். அதனால ஒவ்வொரு விசேசத்துக்கும் வீடியோக்காரர வரச் சொல்லி, அவரு வந்து பாக்கட்டும்னு டிஸ்க்கு போட்டு வெப்பேன். அவரு வருவாரு, ரெண்டு நாள் தூங்குவாரு, "அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம் அம்மிணி"ன்னு கெளம்பிருவாரு. பத்து வருசத்துக்கு முன்னால டிவிடி பிளேயரும் கெட்டுப் போச்சு. டிஸ்க்கு எல்லாம் பட்டுச்சேலைக்கு அடியில ஒரு பிஸ்கட் டப்பாவுல அப்பிடியே கெடந்துச்சு.

ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல கோகுல்ராஜுன்னு ஒரு தம்பி ஸ்டுடியோ வெச்சிருக்குதுங்க. கல்யாணத்துக்கு ட்ரோன் எல்லாம் உடற தம்பி. டப்பாவக் கொண்டு போயி அது முன்னால வெச்சேன். ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பிப் பாத்துச் சிரிக்குது.

"என்னங்கக்கா, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்கீங்க?"

ஆமாங்க, வெச்சேன். ஊட்டுக்குப் புதுசா எது வந்தாலும் சந்தனத்தத் தொட்டுக் குங்குமம் வெக்கறதுதானே. லாரிக்கு வெச்சோம், பம்புசெட்டு மோட்டாருக்கு வெச்சோம், டிஸ்க்குக்கு மட்டும் என்ன கேடு. நடுவுல இருக்கற ஓட்டைக்குப் பக்கத்துல, ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டு.

"நல்ல வேளைங்க, பளபளப்புப் பக்கம் வெக்கல. வெச்சிருந்தீங்கன்னா என் மிஷினுக்கும் சேத்துத் தீபாராதனை காட்டியிருக்கோணும்"னு கேலி பண்ணுச்சு. ஒரு டிஸ்க்கு ஏறறதுக்கு அரை மணி நேரம் ஆவும்னு சொல்லுச்சு. மொதல்ல ரெண்ட மட்டும் உடனே டேப்புல ஏத்திக் குடுத்துது.

அடுத்த நாள் வியாழக்கெழமை. அவர ஊட்ட உட்டுக் கெளப்பறதுக்குள்ள எம்பாடு போதும் போதும்னு ஆயிப்போச்சு. "ஒரே ஒருக்கா வாங்க, அப்பறம் உங்க இஷ்டம்"னு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். ஊசி குத்தின கைய அசைக்கக் கூடாதுங்களே, அதனால மத்தியானத்துக்குக் கொண்டு போன சோத்துப் போசிய அவரு வகுத்து மேல வெச்சு, அதுல டேப்பச் சாச்சு வெச்சு, காதுல வயர மாட்டி உட்டேன். மோனிஷாவோட சீர் ஓடுச்சு. மொதல்ல சும்மா பாத்துட்டிருந்தாரு. பொறவு எம்மவ மாலையும் கழுத்துமா வந்து உக்காந்ததும் அவரு மூஞ்சி மாறிப்போச்சு. கண்ணுல தண்ணி கரகரன்னு எறங்குது, தொடைக்கக் கை இல்ல. நாந்தான் முந்தானையில தொடச்சு உட்டேன்.

சித்தெ நேரங்கழிச்சுச் சிரிக்கறாரு. என்னன்னு கேட்டா, "எவனோ ஒருத்தன் எம்பேரச் சொல்லி, தனசேகரு வரலியான்னு கேக்கறான். நீ, லோடு போயிருக்காருங்கங்கறே"ன்னாரு.

அதுல இருந்து அதே வேலையாப் போச்சுங்க. எந்த டிஸ்க்குலயும் யாராவது ஒருத்தர் வந்து அவர எங்கேன்னு கேப்பாங்க, நான் லோடு போயிருக்காருங்கன்னு சொல்லுவேன். புண்ணியார்ச்சனையில மூணு தடவ சொன்னேனாமா. "எத்தன தடவைதான் சொல்லியிருக்கே அம்மிணி, வாய் வலிச்சிருக்குமே"ன்னு ஒரு நாள் கேட்டாரு. வாய் வலிக்கல, வேற எங்கயோதான் வலிச்சுதுன்னு சொன்னேன். அவரு வலது கையில எங்கையப் புடிச்சுக்கிட்டாரு. ஆஸ்பத்திரின்னு கூடப் பாக்கலீங்க.

மூணு வாரத்துல டப்பாவுல இருந்த பத்து டிஸ்க்கும் முடிஞ்சுபோச்சு. பாத்து முடிச்சாச்சு, இனி எதுக்குன்னு மறுக்காச் செவுத்துப் பக்கம் திரும்பிப்போட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்? அப்பத்தான் அவரே கேட்டாரு.

"காதுகுத்து டிஸ்க்கு எங்கே? அதுல மட்டுந்தான் நான் இருக்கேன். அதப் பாக்காம உடமாட்டன்."

அவரு சொன்னது நெசந்தானுங்க. மோனிஷாவுக்கு அஞ்சு வயசுல குலசாமி கோயில்ல காது குத்தினோம். புள்ள எந்தம்பி மதியழகன் மடியில உக்காந்துட்டு, அப்பன் வந்தாத்தான் குத்தோணும்னு கோயிலே அதிர்றாப்புல கத்துச்சு. ஆசாரி ஊசிய வெச்சுட்டு அரை மணி நேரமா உக்காந்திருக்காரு. அந்த நேரம் பாத்து விஜயவாடாவுல இருந்து ஒரே ஓட்டமா வந்து, லாரிய ரோட்டுலயே நிறுத்திப்போட்டு, காக்கிச் சட்டையோட ஓடி வந்தாரு. சட்டைப் பையில டீசல் பில்லு துருத்திட்டிருக்கும். புள்ள அவரு வெரலப் புடிச்சுக்கிட்டுக் காதக் காட்டுச்சு.

டப்பாவுல அது இல்லீங்க. பீரோவக் கவுத்தேன், பரண்ல ஏறினேன், எந்தம்பிகிட்டக் கேட்டுச் சண்டையே புடிச்சேன். வீடியோ எடுத்தவரு கடைய மூடிட்டு எங்கயோ போயிட்டாரு. நாலு நாள் தேடிப்போட்டு, ஒரு நாள் வெடியால கள்ளக்காட்டுல நின்னுட்டிருந்தேன், நெலக்கடலையத்தான் நாங்க கள்ளக்காய்னு சொல்லுவோம். எங்க பக்கம் மயிலு தொல்லை நெம்ப எச்சுங்க. கள்ளக்கொடி மொளைச்சுச் சித்தெ வந்துட்டாப் போதும், கெளறித் தின்னுபோட்டுப் போயிரும். அதுக்குப் பழைய டிஸ்க்க எல்லாம் கயித்துல கோத்துக் காட்டச் சுத்திக் கட்டுவோம், வெயில்ல மின்னறதப் பாத்து மயிலு கிட்ட வராது. லாரிய வித்த வருசம், அதுல கெடந்த சினிமா டிஸ்க்க எல்லாம் எங்கூட்டுக்காரருதான் அங்க கட்டினாரு. அந்தக் காதுகுத்து டிஸ்க்க மட்டும் அவரு ஒருக்கா லாரியில எடுத்துட்டுப் போனது அப்பத்தான் எனக்கு நெனப்புக்கு வந்துச்சு. கட்டாக்குல ஒரு சேக்காளி லாரியில பிளேயர் இருக்குதாமா, அதுல போட்டுப் பாப்பாராமா. எடுத்து எடுத்துப் பாத்து மேல எழுதியிருந்த எழுத்தும் அழிஞ்சு போயிருக்கும். எதுன்னு தெரியாமயே கோத்துக் கட்டிப்போட்டாரு.

வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா, நான் ஒவ்வொரு கயிறா அவுத்துப் பாத்தேன். இருபத்தி மூணு டிஸ்க்கு. பதினேழாவதுல, கயித்து முடிச்சுக்கு அடியில, மழையும் வெயிலும் படாத எடத்துல, சந்தனக் கறையும் மங்கலா ஒரு குங்குமப் பொட்டும் இருந்துச்சுங்க. அந்த வரப்புலயே உக்காந்துட்டேன். அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

அன்னைக்கே அவர மிஷின்ல உட்டுட்டு கோகுல்ராஜுகிட்டக் கொண்டு போனேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுது. மேல் பூச்சு வெடிச்சு உரிஞ்சு, அக்கட்ட இருக்கற ட்யூப்லைட் இக்கட்ட தெரியுது. ரெண்டு மூணு மிஷின்ல போட்டுப் பாத்துது. "மன்னிச்சுக்குங்கக்கா. இனி இதுல ஒண்ணும் வராதுங்க"ன்னு சொல்லுச்சு. எதுக்கும் இங்கயே கெடக்கட்டும் தம்பீன்னு அதுகிட்டயே உட்டுப்போட்டு, கண்ணத் தொடச்சுட்டு ரோட்டத் தாண்டி வந்தேன். அவரு கட்டில்ல படுத்துட்டு வாசலையே பாத்துட்டு இருந்தாரு.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது. சித்தெக் கோடு உழுந்திருக்குதாமா. சரி பண்ண ஒரு வாரம் ஆவுமாமா"ன்னுபோட்டேன்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காதுன்னு எங்கம்மா சொல்லும். போஜனம் கெடைக்காட்டிப் போகுது, எனக்கு அவரு வேணுமுங்க. அடுத்த வாரம் அவரு கேட்டப்ப மிஷின் ரிப்பேருன்னேன். அதுக்கடுத்த வாரம் தம்பி ஈரோட்டுக்குக் கல்யாணம் எடுக்கப் போயிருச்சுன்னேன். ஒருக்காக் கரண்டு மேல பழி போட்டேன். ஒவ்வொரு தடவையும், "சரி, அடுத்த வாரம் வாங்கிக்கலாம்"னு சொல்லிப்போட்டுக் கையக் காட்டுவாரு, நர்சம்மா ஊசியப் போடும். டேப்புல பாத்ததையே மறுக்காப் பாக்கறதுக்குச் சலிப்பா இருந்தா, "அது வர்ற வரைக்கும் நீ சொல்லு, நான் எப்பிடி ஓடியாந்தேன்"னு கேப்பாரு. நானும் காக்கிச் சட்டையில இருந்து ஆரம்பிச்சுச் சொல்லுவேன். லாரிய எங்க நிறுத்தினாரு, செருப்ப எங்க கழட்டி எறிஞ்சாரு, புள்ள எந்த வெரலப் புடிச்சுதுன்னு ஒண்ணு உடாமச் சொல்லோணும். எதையாவது உட்டுப்போட்டா எடுத்துக் குடுப்பாரு.

இப்பிடியே ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. போன வியாழக்கெழமை எனக்குச் சொல்றதுக்குப் பொய்யே தீந்துபோச்சுங்க. அவர மிஷின்ல போட்டு உட்டுட்டு நேரா ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"தம்பி, இன்னைக்கு என்னன்னு சொல்றது? ஒரு காரணத்த நீயே சொல்லு சாமி."

கோகுல்ராஜு கையில இருந்த கேமராவக் கீழ வெச்சுது. "அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கறனுங்க. அண்ணன் போன மாசமே இங்க வந்துட்டாருங்க"ன்னு சொல்லுச்சு.

"நான் இல்லாமயா? எப்பிடி வந்தாரு?"ன்னு கேட்டேன்.

"நீங்க மாத்திரை வாங்கப் போனப்ப, மெல்ல நடந்து ரோட்டத் தாண்டி வந்தாருங்க. டிஸ்க்கக் காட்டச் சொன்னாரு. எடுத்துக் குடுத்தேன். கயித்துத் தடத்தப் பாத்ததும் கண்டுபுடிச்சுட்டாருங்க. நானே கட்டித் தொங்க உட்டுட்டனேன்னு அந்தச் சேர்ல நெம்ப நேரம் உக்காந்திருந்தாரு. எந்திரிக்கறப்ப, எனக்குத் தெரியும்னு உங்கக்காகிட்டச் சொல்லிப்போடாத தம்பி, சொன்னா அவ பயந்துக்குவான்னு சொல்லிட்டுப் போனாருங்க."

ரோட்டோரமா நின்னு கணக்குப் போட்டுப் பாத்தனுங்க. போன மாசமேன்னா, அதுக்கப்பறம் பத்துப் பன்னெண்டு தடவ வந்திருக்காரு. வராத டிஸ்க்குக்கு எங்கிட்ட நாள் கேட்டுட்டு, நான் பயந்துக்கக் கூடாதுன்னு கையக் காட்டிட்டுப் படுத்திருக்காரு. அந்தக் கதையச் சொல்லு சொல்லுன்னு கேட்டது, இனி அது எங்கிட்ட மட்டுந்தான் இருக்குதுன்னு தெரிஞ்சுதானுங்க. இந்த மனுசன நாக்கப் புடுங்கிக்கறாப்புல நாலு கேள்வி கேக்கோணும்னு கோவம் கோவமா வருது, அதே நேரத்துல கட்டிப் புடிச்சு அழுவோணும்னும் இருக்குது.

உள்ள போனேன். எப்பவும் போல வாசலையே பாத்துட்டு இருந்தாரு.

"என்ன சொன்னான் அந்தப் பையன்?"

அவரு மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணுமே தெரியாதவராட்டம் வெச்சிருந்தாரு. இருபத்தெட்டு வருசம் செக்போஸ்ட்டு செக்போஸ்ட்டா நின்னு பழகின மூஞ்சி.

"அடுத்த வாரமாமா"ன்னேன்.

"அவன் எப்பவும் அப்பிடித்தான். சரி, அடுத்த வாரம் வந்து பாத்துக்கலாம்"னுபோட்டு, சோத்துப் போசி மேல இருந்த டேப்ப வலது கையில எடுத்துக் கீழ வெச்சாரு. "நீ உக்காரு. நான் லாரிய நிறுத்தினதுல இருந்து சொல்லு."

சனிக்கெழமை வெடியால நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள அவரு எந்திரிச்சுக் குளிச்சு, சட்டையப் போட்டுட்டு, சோத்துப் போசியக் கையில எடுத்துக்கிட்டு வாசப்படியில நின்னுட்டிருந்தாருங்க. "வா அம்மிணி, பஸ்ஸு போயிரும்"னாரு.