நூற்று நாற்பத்து மூன்று மன்னிப்புகள்

திருமலைசாமி பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் அவருடைய பேரூராட்சி நூற்று நாற்பத்து மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தது.

பல்லடம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் அவர் தலைமை எழுத்தர். இருபத்தாறு வருடமாக அவர் எழுதிய எந்தக் கடிதமும் மூன்று மேசை ஏறி இறங்காமல் வெளியே போனதில்லை. ஆகையால், எழுதியதைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை. தப்பு இருந்தால் மேலே யாராவது பிடிப்பார்கள்.

பீளமேட்டில் மூன்று நாள் ஏ.ஐ. பயிற்சி கொடுத்தார்கள். சாப்பாடு பிரமாதம். மனுக்களைக் காட்டினால் அதுவே பதில் எழுதிவிடும் என்பதுவரை விழித்திருந்தார். 'அனுப்பு' என்றால் நேராக மனுதாரரின் செல்போனுக்கே போய்விடும் என்று சொன்னபோது கண் அசந்துவிட்டது.

முதலில் வந்தவர் சின்னத்தாயி. கோழிப்பண்ணை வேலைக்குப் போகிற வழியில் நுழைந்து செல்போனை நீட்டினார்.

"ஏனுங்க சார், நெசமாலுமே குழாய் குடுத்துருவீங்களா?"

வாங்கிப் படித்தார். 'தங்கள் மனு நான்கு ஆண்டுகளாக முடிவாகாமல் கிடக்கிறது. தவறு எங்களுடையது, மன்னிக்கவும். பதினைந்து நாளில் குடிநீர் இணைப்பு தரப்படும்.' கீழே அவர் பெயர். மின்விசிறிக்கு அடியிலேயே வேர்த்துக் கொட்டியது.

"இந்த ஆபீஸ்ல எனக்கு வந்த மொத பதிலுங்க இது. எம் புள்ள ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனா. அழுதுபோட்டேனுங்க."

தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தார். "உக்காருங்க அம்மணி" என்றுதான் வந்தது.

செயல் அலுவலரிடம் ஓடினார். "பாக்கலாமுங்க, மேல கேக்கோணும்" என்றார் அவர். இருபத்தாறு வருடமாகத் தான் சொல்லிவந்த வசனத்தைக் கேட்பவராக நிற்பது இத்தனை கொடுமை என்று திருமலைசாமிக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில் பொறியாளர் ஹுமேராவின் மேசைமுன் போய் நின்றார்.

"மேடம், சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. வீட்டுக் குழாய்க்கு யாரு உத்தரவு போடோணும்? யாரு கால்ல விழுகோணுமின்னாலும் விழுந்துபோடறேன்."

ஹுமேரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்கதானுங்க சார் போடோணும். விதிய மாத்தி ஆறு வருசமாச்சு. அந்த ஏ.ஐ. அதப் படிச்சுப்போட்டுத்தான் எழுதியிருக்குது. நீங்க மேல அனுப்பி வெக்கற ஃபைலெல்லாம், உங்க கையெழுத்து இல்லாமத்தான் அங்க கெடக்குது."