வயலுக்கு வந்த காய்ச்சல்

கண்ணில் பட்ட எதனிடமும் பேசிவிடுவது அந்த நெல் விவசாயியின் வழக்கம். பம்புசெட்டிடம் நலம் விசாரிப்பார். வரப்பில் நிற்கும் கொக்கிடம் நியாயம் கேட்பார். ஊரார் அவருக்கு இட்ட பெயர் ரேடியோ. பொதுக் கிணற்றுத் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடும் செயலி ஒன்றை உருவாக்க வந்த பொறியாளர் பெண், அதைப் பழக்க உழவர்களின் பேச்சு வேண்டும் என்றபோது, முதல் ஆளாகப் போய் நின்றவரும் அவரே.

ஒரு காலை, கைபேசியில் இருந்த அந்தச் செயலியிடம் சொன்னார்: "கண்ணு, போன வாரத்துலேருந்து காய்ச்சல். கதிர் வர்ற நேரம், இன்னைக்கு விட்டாத்தான் ஆச்சு."

"விரைவில் குணமடைய வாழ்த்துகள். ஓய்வெடுங்கள்" என்றது கைபேசி.

பக்கத்து வயல் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யோவ் மச்சான், ஊசி போடுமான்னு கேளு!"

ரேடியோவுக்குக் கோபம் வரவில்லை. இது எதைத்தான் புரிந்துகொண்டது என்னும் ஆவல்தான் வந்தது. "எனக்கில்லம்மா, வயலுக்கு!" என்றார்.

"எந்த வயதினருக்கு?" என்று அது திருப்பிக் கேட்டது.

'உழவருக்குக் காய்ச்சல்' என்று செயலி அனுப்பிய செய்தியை நகரத்து அலுவலகத்தில் படித்த பொறியாளர் மனமிரங்கினாள். நோயாளியைத் தொந்தரவு செய்வானேன் என்று, தண்ணீர் முறையிலிருந்து அவர் பெயரை எடுத்துவைத்தாள். அவருடைய முறை மச்சானுக்குப் போயிற்று. ரேடியோவின் வயல் வெடித்தது. வெளிவரவேண்டிய கதிர்கள் தாளுக்குள்ளேயே தயங்கி நின்றன.

அவள் ஆரஞ்சுப் பழங்களோடு நலம் விசாரிக்க வந்தாள்.

"ஐயா, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"வெடிச்சுக் கிடக்கு தாயி, நீயே பாரு. ஆமா, நீ எதைக் காய்ச்சல்னு நெனச்ச?"

அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். ரேடியோ சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துபோயிற்று.

"தண்ணி விட்டா பாய்ச்சல், விடாம காயவிட்டா காய்ச்சல். நெல்லுக்கு ரெண்டும் மாத்தி மாத்தி வேணும்."

"அப்போ உடம்புக்கு வர்றது?"

"அதுவும் காய்ச்சல்தான்!" சொன்னவர் யோசித்தார். "அட, மிஷின் பாவம். அது மேல குத்தமில்ல."

"மிஷின் மேல இல்ல ஐயா. பேரை எடுத்தது நான். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டேன்."

அவள் மச்சானிடம் போனாள். "அண்ணா, இன்னைக்கு முறையை ஐயாவுக்கு விட்டுக் குடுங்க. அது அவருது."

"பழத்துல பாதி எனக்குன்னா சரி" என்றான் மச்சான்.

காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மண்வெட்டியால் மடையைத் திறந்தாள். தண்ணீர் கடைசி வெடிப்பில் இறங்கும்வரை சேற்றிலேயே நின்றாள். பிறகு கைபேசியை நீட்டி, "காய்ச்சலையும் பாய்ச்சலையும் இதுக்கு நீங்களே சொல்லிக் குடுங்க ஐயா. இனி உங்களைக் கேக்காம எந்தப் பேரையும் எடுக்கமாட்டேன்" என்றாள்.