ஜன்னலுக்குக் கீழே அக்காவின் விரல்

விளையாட்டுச் சங்கத்தில் அவனைச் சுண்ணாம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் சட்டையில் பிளாஸ்டர் தூள். மேசை மேல் ஆடும் போர் விளையாட்டில் விரல் உயரப் பொம்மை வீரர்கள் ஒளிந்து சண்டை போட, பாழடைந்த தேவாலயமும் கல்லறையும் பட்டுப்போன மரமும் செய்து தருபவன் அவன். நாற்பது வயதில் பொம்மை வேலையா என்று உறவுக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அக்கா மட்டும் கூட உட்கார்ந்து செய்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல்லுக்கு வார்க்கும் அதே பிளாஸ்டரில்தான் இவர்கள் சுவர்களும் எழுந்தன.

அக்காவின் கைவேலை சுத்தம். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. கூர்முனை ஜன்னல் வைத்த முதல் சுவரை அவள்தான் வார்த்தாள். காய்வதற்குள் தூக்கிப் பார்த்து, ஜன்னலுக்குக் கீழே கட்டைவிரலைப் பதித்துவிட்டாள், குறுக்கே ஓடும் கத்தித் தழும்பு உட்பட. இவன் அதைக் கவனிக்காமல் சுவரின் மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்துத் தொலைத்தான். அப்புறம் அந்த அச்சில் பிறந்த ஒவ்வொரு சுவரிலும் அவள் விரல்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்," என்று குத்திக்காட்டுவான்.

"பாழடைஞ்ச கட்டடத்துல ஒரு பேயாவது வேணாமாடா? விட்டுடு," என்பாள் அக்கா.

விட்டால்தானே. உப்புத்தாளை எடுத்து வழவழவென்று தேய்த்த பிறகுதான் வண்ணம் பூசுவான். முப்பது சுவராவது இருக்கும். முப்பதையும் தேய்த்தான்.

பத்து மாதங்களுக்கு முன் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். அச்சுப் பெட்டியைத் திறக்க அவனுக்கு மனமே வரவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் திறந்தபோது சிலிக்கான் விறைத்து, ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு சுவர் எடுக்கலாம். உரிக்கும்போதே அச்சு பிய்ந்துவிடும். முதல் சுவரோ எப்போதோ உடைந்து குப்பைக்குப் போயிருந்தது. அக்காவின் ரேகை உலகத்தில் வேறெங்கும் இல்லை. இருந்ததையெல்லாம் தேய்த்து அழித்தது யார்?

பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினான். முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அலமாரியில் அடுக்கியிருந்த தேவாலயங்களின் கறுப்பு ஜன்னல்கள் எல்லாம் அவன் பக்கமே திரும்பியிருந்தன. இருபதாவது நிமிடம் அச்சைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், அது அவனுக்குத் தெரியாததா என்ன? ஆனால் ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஒரு ஆள் கையின் சூடு.

கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உரித்தான். அச்சு இரண்டாகப் பிய்ந்தது. சுவர் முழுசாக வந்தது. விரலும் வந்தது, தழும்பும் வந்தது. "அக்கா," என்றான்.

பின்னால் அவள் உட்காரும் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பிடிமானத்துக்கு ஏதாவது வேண்டுமே. தன் கட்டைவிரலை அவள் விரல் பதிந்த குழியில் வைத்து அழுத்தினான். விரல் உள்ளே இறங்கியது. பிளாஸ்டர் இன்னும் இறுகவில்லை.

எடுத்தபோது அங்கே இருந்தது அவன் ரேகைதான். அவள் தழும்பின் அடையாளம்கூட இல்லை. அக்காவைக் குத்திக்காட்டிய அதே தப்பைச் செய்து, மிச்சமிருந்த அவளையும் அழித்துவிட்டான். வாய்விட்டு அழுதான்.

கை கழுவும்போதுதான் பார்த்தான், அவன் கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அழுத்தின தடம், ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்று நினைத்தான். இரவும் இருந்தது. காலையிலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் தேவாலயத்தைப் பொருத்தினான். அந்தச் சுவரை அவன் தேய்க்கவில்லை. எதிரே ஆட உட்கார்ந்தவர் அவன் கையைப் பார்த்தார்.

"விரல்ல என்ன, சுண்ணாம்பு? கத்தி பட்டுடுச்சா?"

"எனக்கில்லைங்க. எங்க அக்காவுக்குப் பட்டது."