கறுப்புக் கோட்டின் ஜெபம்

இரும்புலியூரில் லாரி மோதிய டெனிஸுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வெளியே அவன் மனைவி யூனிஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் யார் துப்புக் கொடுத்தார்களோ, வக்கீல் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர், ஜெபிப்போமா?"

அவசரமாகத் துடைத்த விபூதி அவர் நெற்றியில் மிச்சமிருந்தது. யார் ஜெபித்தால் என்ன என்று யூனிஸ் கண்ணை மூடினாள். அவர் உரிமையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே, புருஷனை இழந்த இந்த விதவைக்கு நல்ல நஷ்டஈடு..."

கண்ணைத் திறந்தாள். அவள் மடியில் கையெழுத்துக்கு வக்காலத்துப் படிவம் தயாராக இருந்தது.

"அவரு உள்ள உயிரோட இருக்காரு சார்."

மனுஷன் அசரவில்லை. "அப்படியா? அப்ப காயம்னு மாத்திப் போட்டுக்கலாம் சிஸ்டர். கால் எடுத்துட்டாங்கன்னா கேஸ் ஸ்ட்ராங்."

யூனிஸ் கையை உருவிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு முதலிலிருந்து, தானே ஜெபித்தாள்.