மகோம்போ வாய் மூடிய மதியம்

மகோம்போவின் வாய் ஒரு மதியம் முழுக்க மூடிக் கிடந்ததை இந்த இரண்டு கண்ணால் பார்த்தவள் நான். மலாவி முழுக்கத் தேடினாலும் இதை நம்ப ஆள் கிடைக்காது. ஏரி வற்றி முதலைகளெல்லாம் பஸ் ஏறிப் போனதைப் பார்த்தேன் என்றால்கூட நம்புவார்கள்.

அவரைப் புதைத்த மறுநாள், துக்க வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி நாம்பேவே மட்டும் முறைத்தாள்.

"சும்மா அளக்காத, சிஸ்டர். அந்த ஆளு பக்கத்துல காலமெல்லாம் படுத்தவ நான். தூக்கத்துலகூட யாருக்காவது ஊசி போடச் சொல்லிகிட்டிருப்பாரு. செத்துதான் வாயை மூடினாரு."

"அப்போ கேளு," என்றேன்.

நான் நர்ஸாக இருந்த எங்கள் ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு அவருடையது. முழு டாக்டருக்குப் படித்தவரில்லை. முழு டாக்டர் எவரும் எங்கள் பக்கம் தலைகாட்டாததால் அவர்தான் டாக்டர். அந்த வாய் இருக்கிறதே! ஒருமுறை கரையில் நின்று தடுப்பூசி பற்றிப் பேசினார். நீர்யானை ஒன்று எழுந்து வந்து வரிசையில் நின்றது. நான்தான் தொடையில் போட்டேன்.

வார்டில் ஓடுகிற ஆக்சிஜன் மெஷின் ஒன்றே ஒன்று. அதனால் இனி தாங்காது என்கிற பிள்ளைக்குத்தான் குழாய் வைப்போம். பெரும்பாலும் பிள்ளை போய்விடும். கட்டிலடியில் பாய் விரித்துக் கிடக்கும் தாய்மார்கள் இதைத்தான் நாள் தவறாமல் பார்த்தார்கள். குழாய் ஏறினால் பிள்ளை துணியில் சுற்றித்தான் வெளியே போகும் என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டது.

அதை உடைக்க மகோம்போவிடம் ஒரு வித்தை இருந்தது. குழாயைத் தன் மூக்கில் செருகிக்கொண்டு இடுப்பை ஆட்டி ஆடுவார். "பாரும்மா, செத்துட்டேனா? சொல்லு, இந்த இடுப்பு செத்த இடுப்பா?" தாய் சிரித்துவிடுவாள். சிரித்தவள் தலையாட்டிவிடுவாள். ஒருத்தியும் அவரிடம் தப்பியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் எலுபி தன் மகன் லிம்பானியைக் கொண்டுவந்தாள். நிமோனியா. மூச்சுக்கு மூச்சு நெஞ்சு குழி விழுந்தது. மெஷின் காலியாகத்தான் இருந்தது.

"குழாய் மட்டும் வேண்டாம் டாக்டர். மண்டி போட்டுக் கேக்கறேன்."

மகோம்போ வழக்கம்போலக் குழாயை மூக்கருகே கொண்டுபோனார். அந்நேரம் பார்த்து வாசலில் ஒருத்தி முதுகுத் துணியை அவிழ்த்துத் தன் பெண் குழந்தையை இறக்கினாள். அதற்கும் அதே நெஞ்சு, அதே நீல உதடு.

"அதை எம்பிள்ளைக்கு வைங்க டாக்டர்!"

அந்தக் கிழட்டு மெஷினின் காற்றைப் பங்கு போட முடியாது. முன்பு போட்டுப் பார்த்து இரண்டு பிள்ளைகளையும் இழந்திருக்கிறோம்.

மகோம்போவின் கை மூக்குக்கு முன்னால் அப்படியே நின்றது.

பிளான்டையர் நகரத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த மருத்துவ மாணவன் யான்கோ அவர் காதருகே வந்தான். "சார், ஆடுங்க. நீங்க ஆடினா அந்தம்மா ஒத்துக்குவாங்க. இந்தப் பையன்தானே முதல்ல வந்தான்?"

மகோம்போ குழாயை மூக்கருகிலிருந்து இறக்கினார்.

"தெரியாமதானே வேண்டாங்கறாங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டாவது விடுங்க சார்!"

எலுபி அவர் வாயையே பார்த்தாள். மற்றவளும் பார்த்தாள். பேசி எலுபியைச் சம்மதிக்க வைத்தால், மற்றவளிடம் குழாய் இல்லையென்று அவரே சொல்ல வேண்டும். பேசாவிட்டால், வேண்டாமென்றவள் எலுபிதான், அவர் இல்லை. அந்த வாய் திறக்கவேயில்லை. குழாயைப் பெண் குழந்தையின் மூக்கில் வைத்தார். யான்கோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் லிம்பானி போய்விட்டான். மகனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்ட எலுபி, மகோம்போ முன்னால் மறுபடியும் மண்டியிட்டாள்.

"நீங்க நல்ல டாக்டர். என் பேச்சைக் கேட்டீங்க. குழாயில்லாம எம்மடியிலயே போனான்."

அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

பெண் குழந்தை மறுநாள் காலை குழாயோடு போனது. வார்டிலிருந்த தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எலுபி புத்திசாலி என்று ஒருத்தி சொன்னாள். மகோம்போ குழாயைக் கழுவித் துடைத்து, தன் மூக்கில் செருகி, அடுத்த கட்டிலுக்கு முன்னால் ஆட ஆரம்பித்தார்.

நான் சொல்லி முடித்தபோது பாயில் சிரிப்பு நின்றிருந்தது. நாம்பேவே தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மழைக்காலத்துல ஒரு நாள் பொழுது சாஞ்சு டாக்டர் கோட்டைக் கழட்டாமலே வந்தாரு. சம்போ மீன் வச்சிருந்தேன். தட்டையே பார்த்துகிட்டிருந்தாரு. உப்பு கூடிப்போச்சான்னு கேட்டேன், பேச்சில்லை. ஏதோ பொம்பளை சமாச்சாரம்னு நெனச்சேன்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான்னு நெனச்சேன், சிஸ்டர். இத்தனை வருஷமா."

"ஐயோ, நானா! அந்தக் குள்ளனையா!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு ராத்திரியும் அவரு பேசலை," என்றாள் நாம்பேவே. "நீ சொன்னது நடந்ததுதான்."