நாற்பத்தைந்து விநாடி

பாலிஷ் மெஷினின் தட்டு சுழன்று நின்றதும் பரீதா பன்னிரண்டு வெள்ளைச் செராமிக் முனைகளையும் கழற்றித் துடைத்தாள். இன்டர்நெட் கேபிளின் நுனியில் பொருத்துபவை; ஒவ்வொன்றின் நடுவிலும் மயிரிழை பருமனில் கண்ணாடி இழை. மைக்ரோஸ்கோப்பில் செருகிப் பார்த்தாள். திரையில் ஒரு கீறலும் இல்லை.

பெங்களூர் தலைமை அலுவலகத்து இன்ஜினியர் மதிவாணன் மூன்று நாளாக அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றான். மற்ற மெஷின்களில் நூற்றுக்குப் பத்து முனை கீறலோடு கழிந்தது. அழுத்தத்தை மாற்றிப் பார்த்தான், நீரை மாற்றிப் பார்த்தான். கடைசியில்தான் இவள் மெஷினின் டைமரைக் குனிந்து பார்த்தான்.

"நாப்பத்தஞ்சு செகண்ட் வெச்சிருக்கீங்க. ஷீட்ல அறுவதுன்னு எழுதியிருக்கீங்க?"

"தேய்க்கிற ஃபிலிம் மாறுனதுலேர்ந்து அறுவது ஓட்டுனா கீறுது சார். நாப்பத்தஞ்சுன்னுதான் எழுதுனேன். சூப்பர்வைசர் சார்தான் அதக் கிழிச்சிட்டு அறுவதுன்னு எழுதச் சொன்னாரு. ரூல்ல அறுவதுதான் இருக்கு, ஆடிட்ல கேப்பாங்கன்னாரு."

"நானா?" கலியமூர்த்தி பாய்ந்து வந்தார். "நான் எப்ப சொன்னேன்? பொய்யா எழுதிட்டு எம்மேல போடாத!"

மூன்று ஷிப்ட் ஆட்களின் நம்பரையும் மனப்பாடமாக ஒப்பிப்பவருக்கு இது மட்டும் நினைவில்லை. நாலு வருடக் கான்ட்ராக்ட்டுக்குப் பிறகு பர்மனென்ட் பட்டியலில் இப்போதுதான் பரீதாவின் பெயர் ஏறியிருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். மார்ச் வந்தால் அவளுக்கு முப்பத்தாறு.

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் பொய் எழுதியதாக மெமோ கொடுத்தார்கள்.

"அடுத்த வருசம் பாக்கலாம்," என்றார் கலியமூர்த்தி.

"வயசு தாண்டிடும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்கு நான் என்னா பண்றது?"

பரீதா மதிவாணன் பக்கம் திரும்பினாள். "நான் பண்ணது தப்புன்னா, அந்த நாப்பத்தஞ்சையும் தூக்கிப் போடுங்க சார்."

அவன் செல்போனை எடுத்துப் பார்த்தான்.

திங்கட்கிழமை காலை நாலு மெஷினிலும் லேமினேட் செய்த புதுத்தாள் ஒட்டியிருந்தது. நேரம்: 45 விநாடி. தயாரித்தவர்: மதிவாணன். சரிபார்த்தவர்: கலியமூர்த்தி.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்," என்று அடுத்த மெஷின் துர்கா முணுமுணுத்தாள்.

கலியமூர்த்தி அட்டையும் பேனாவுமாக வந்தார். 'புதிய முறையில் பயிற்சி பெற்றேன்' என்ற வரிக்குக் கீழே முதல் பெயர் பரீதாவுடையது.

"கையெழுத்துப் போடு. இனிமே ஷீட்ல இருக்கறதத்தான் மெஷின்ல வெக்கணும், புரிஞ்சிதா?"