தேரியில் இரண்டு வாசல்

சண்முகப்ரியா கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. மணப்பாட்டுக்கு வடக்கே, செம்மணல் மேடுகளான தேரிக்காட்டில், எறும்புப் புற்றுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்துகொண்டிருந்தாள். தூத்துக்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவன் செந்தில்வேல் ஞாயிறுதோறும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வருவான். இரண்டு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பவன் அவன்.

"எறும்புக்கு எதுக்குளா இவ்வளவு மெனக்கெடுத?" என்று முதல் நாள் கேட்டதோடு சரி. யாரும் கோடு கிழித்துக் கொடுக்காத செம்மணலில், ஒவ்வொரு புற்றும் பக்கத்துப் புற்றைவிட்டு நன்றாகத் தள்ளியே இருந்தது. அதைத் தன் கையாலேயே அளந்த பிறகு அவன் அப்படிக் கேட்கவில்லை.

ஒரு உடைமரத்தடியில் மட்டும் கணக்கு உதைத்தது. அங்கே இரண்டு வாசல்கள் ஒரு முழ தூரத்தில் இருந்தன. "அத விட்டுட்டு மத்தத எழுதுங்க மேடம்" என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

அடுத்த ஞாயிறு சின்ன பாட்டில்களோடு வந்தாள். தொலைவிலிருந்த புற்றின் எறும்பு ஒன்றைப் பிடித்து உடைமரத்தடி வாசலில் விட்டாள். உள்ளிருந்து வந்தவை பாய்ந்து அதன் காலைக் கவ்வின. கால் அறுபடுமுன் அதை எடுத்துவிட்டு, பக்கத்து வாசலின் எறும்பை விட்டாள். இரண்டு எறும்புகள் உணர்கொம்பால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வழிவிட்டன. அது நேராக உள்ளே போயிற்று. வேறு சிலவற்றை மாற்றி மாற்றி விட்டபோதும் அப்படியே நடந்தது.

"ரெண்டும் ஒரே வீடுங்க" என்றாள். "வாசல்தான் ரெண்டு."

செந்தில்வேல் மணலில் குந்தி உட்கார்ந்தான். "அப்போ நாம இதுவரைக்கும் அளந்தது?"

"கிட்டக்கிட்ட இருக்கது எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

இத்தனை மாத வேலை வீணாகிவிட்டதே என்ற சலிப்பு அவள் குரலில் துளிகூட இல்லை. மணலில் முழங்கையூன்றி, மூச்சுக்காற்று எறும்பின்மேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்தப் பொறுமையைக் கவனிக்காமல் போனோமே என்று அவனுக்குத் தோன்றியது.

வெயில் ஏறியது. குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"தள்ளிப் பிடிங்க. நிழல் விழுந்தா உள்ள போயிரும்."

அவன் சிரித்துக்கொண்டே குடையை மடக்கினான்.

ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டார்கள். இன்னும் சில இடங்களிலும் அடுத்தடுத்த இரண்டு வாசல்கள் ஒரே புற்றின் வாசல்களாக இருந்தன. அவற்றைச் சேர்த்து எண்ணியபோது புற்றுகளின் இடைவெளி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. துறைத்தலைவர் கட்டுரையை இரண்டுமுறை படித்துவிட்டு, "நானும் ஒருநாள் தேரிக்கு வாரேன்" என்றார்.